இருமிய கிட்டார்

மூன்றாவது ஃப்ரெட்டில் விரலை வைத்தால் கிட்டார் இருமியது.

ரெமிஜியஸ் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் இருமல். 'டங்' என்று மணியாகக் கேட்க வேண்டிய இடத்தில், சளி பிடித்த மனிதர் காலையில் தொண்டையைக் கனைப்பது போல ஒரு 'ங்ர்ர்ர்'. வீணையில் மெட்டு என்பார்களே, கிட்டாரில் அதற்குத்தான் ஃப்ரெட் என்று பெயர். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த இருபது உலோகக் கம்பிகளில், மூன்றாவது மட்டும் அளவுக்கு மீறித் தேய்ந்து பள்ளமாகிவிட்டிருந்தது.

“உள்ள என்னங்க பண்றீங்க? பட்டப்பகல்ல கதவ ஏன் சாத்தினீங்க?” வெளியிலிருந்து பவுலின் கேட்டாள்.

“சட்ட மாத்தறேன்.”

“அரை மணி நேரமாவா?”

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு சௌகரியம் உண்டு. ஒயரைச் சொருகாவிட்டால் கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். கதவுக்கு வெளியே கேட்காது. ரெமிஜியஸ் அதை அவசரமாகப் பெட்டியில் வைத்து, பெட்டியை பீரோவின் உச்சியில், கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே போன அதே சட்டையோடு வெளியே வந்து நின்றார்.

பவுலின் சட்டையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “கேஸ் புக் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள்.

ரெமிஜியஸின் துக்கமெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த வீட்டில் கொஞ்ச வருஷமாகவே புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிற பேச்சு மூன்றே மூன்றுதான். கேஸ், தண்ணீர் மோட்டார், கேபிள்காரன். சண்டை கிடையாது. குறையும் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இதே பவுலின் தம்மை வேறு மாதிரி ஒரு பார்வை பார்த்தாள் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பார்வையை அவர் மறக்கவில்லை. அது எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பார்வையின் வரலாறு இது. வருஷம் 1973, மாதா திருவிழா, பங்கு ஹால். ரெமிஜியஸும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். ஐந்தாவதாக லாயிட் என்று ஒருவன். அவனுக்கு எந்த வாத்தியமும் தெரியாது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் அவனுடையது. அதனால் அவனையும் பேண்டில் சேர்த்து, ஒயர்களுக்கெல்லாம் மந்திரியாக்கியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பெரிய மைக் செட் வராத காலம். கிட்டார், பேஸ் கிட்டார், பாடுகிறவர் மைக் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான் கதி. பெட்டியில் ஒயர் சொருகத் துளை மூன்று. ஃபாதர் மைக்கையும் சேர்த்தால் ஒயர் நான்கு. லாயிட் எப்படியோ சமாளித்துவிடுவான்.

அன்று சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ரெமிஜியஸ் வாசித்தபோது, மூன்றாவது வரிசையில் பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் மோவாயில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் பாதிச் சிரிப்பு. கண்ணில் ஒரு பளபளப்பு. மறு வாரம் ரெமிஜியஸின் அத்தை போய்ப் பெண் கேட்டாள். வைத்த காபி ஆறுவதற்குள் பவுலின் சரி சொல்லிவிட்டாள்.

“என் கிட்டார் சத்தம்தான் அவள மயக்கிடுச்சு” என்று ரெமிஜியஸ் இருபத்தைந்து வருஷமாக ஆபீஸில் சொன்னார், உறவில் சொன்னார், மகள் கேரலுக்குத் தூங்க வைக்கும் கதையாகச் சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் பவுலின் சிரிப்பாள். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

கேரல் இப்போது வளர்ந்து, கோரமங்களாவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி, அதைத் தடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“டாடி, அக்டோபர் வந்தா உங்களுக்குச் சில்வர் ஜூபிலி. அதே பங்கு ஹால்லயே வெச்சிக்கலாம். மம்மி, உனக்கு என்ன வேணும் சொல்லு.”

பவுலின் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, “எனக்கு என்ன வேணும்? அன்னைக்கு மாதிரி ஒரு தடவ இவர வாசிக்கச் சொல்லு, போதும்” என்றாள்.

ரெமிஜியஸின் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. இருபத்தைந்து வருஷத்தில் மளிகை ஜாபிதாவுக்கு வெளியே பவுலின் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது. அன்றைய சத்தம் வேண்டும். அதே சத்தம் வந்தால் அதே பார்வை வரும். ஒரே ஒரு தடவை வந்தால்கூடப் போதும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் கிட்டாரோ இருமுகிறது.

ரெமிஜியஸ் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்ட். உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுப்பதே இருபத்தெட்டு வருஷப் பிழைப்பு. கெட்டதைக் கழற்று, புதுசைப் போடு, மெஷின் ஓடும். இதில் அவருக்கு இருந்த விசுவாசம் பைபிளுக்கு அடுத்தபடியானது.

பவுலினுக்கு இது ஆச்சரியமாக இருக்க வேண்டும் என்பதால் எல்லாம் ரகசியம். சனிக்கிழமை மத்தியானம், பெட்டிக்குள் இருந்த கிட்டாரை எடுத்துவிட்டு, எடை தெரியாமலிருக்க இரண்டு தலையணைகளைத் திணித்துப் பழையபடி பீரோ மேல் ஏற்றினார். கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“எங்க, போர்வையோட?”

“ஜெபக்கூட்டம். மல்லேஸ்வரத்துல புதுசா ஆரம்பிச்சிருக்காங்க.”

“போர்வை எதுக்கு?”

“தரையில விரிச்சு உக்கார.”

பவுலின் நம்பினாள். கோயிலில் பிரசங்கம் நீண்டால் வாட்சைக் குலுக்கிப் பார்க்கிற மனிதர் பஸ் ஏறி ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாரே என்று சந்தோஷப்பட்டு, மறுநாள் பூசை முடிந்ததும் அதை ஃபாதரிடமும் சொல்லி வைத்தாள்.

மல்லேஸ்வரத்தில் வெங்கடசாமி என்று ஒருவர். டூல் ரூமில் மெஷினிஸ்டாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுக் கிட்டார் ரிப்பேர் பார்த்தார். அவருக்குப் பாட்டு தெரியாது, கேள்வி ஞானமும் கிடையாது. எல்லாம் அளவுதான். மனிதர்களைப் பார்த்தால்கூட எத்தனை மில்லிமீட்டர் என்று யோசிப்பார் போலிருக்கும்.

கிட்டாரைக் கிடத்தி, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் நீளத்துக்கும் பார்த்துவிட்டு, “நோடி சார், மூணாவதுல அரை மில்லி காணோம்” என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

“அத மாத்திடுங்க.”

“ஒண்ண மட்டும் மாத்தறது பேடா, வேணாம் சார். மத்ததும் ஸ்வல்ப ஸ்வல்ப தேஞ்சிருக்கு. புதுசு மட்டும் உசரமா நிக்கும்.”

“நான் ஸ்டோர்ஸ்ல இருக்கறவன். கெட்டத மாத்தினா போதும். நல்லா இருக்கறதுல எதுக்குக் கை வெக்கணும்?”

“சரி, விடுங்க. உங்க கிட்டார்.”

அடுத்த சனிக்கிழமை புது மூன்றாவது ஃப்ரெட் பளபளவென்று காத்திருந்தது. வெங்கடசாமி தம்முடைய டேப்ரெக்கார்டரில் ஒயரைச் சொருகிக் கொடுத்தார். ரெமிஜியஸ் மூன்றாவதில் விரலை வைத்தார். மணி அடித்தது போல இருந்தது. முகம் மலர்ந்து இரண்டாவதில் வைத்தார். இருமியது. முதலாவதில் வைத்தார். அதுவும் இருமியது.

“இது நல்லா இருந்துச்சே!”

“இருந்துச்சு சார். இப்ப தந்தி போற வழியில மூணாவது நடுரோட்டு ஹம்ப்பு மாதிரி நிக்குது. பின்னாடி வர்றதெல்லாம் அதுல இடிக்குது. நான் சொன்னேனா இல்லையா?”

“அப்ப ஒண்ணையும் ரெண்டையும் மாத்துங்க.”

“அப்புறம் நாலாவது கேக்கும், அஞ்சாவது கேக்கும். கிட்டார்ல ஒண்ண மாத்தினா பக்கத்துல இருக்கறது கோவிச்சுக்கும் சார். நம்ம வீடு மாதிரிதான்.”

இருபதையும் மாற்றுவதென்று முடிவாயிற்று. அந்த வாரம் வீட்டில் வேறு பிரச்சினை. கேரலின் அத்தை வந்து தங்கப் போகிறாள். தலையணை இரண்டைக் காணவில்லை.

“உறைய கழட்டி வெயில்ல போட்டேனா, யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா, ஒண்ணும் ஞாபகமில்ல. எனக்கு வயசாகுதுங்க” என்று பவுலின் கவலைப்பட்டாள். இரண்டு தலையணையும் அவள் தலைக்கு மேலேயே பீரோவில் இருந்தன. ரெமிஜியஸுக்கு மனசு உறுத்தியது. கடைக்குப் போய் இரண்டு புதுத் தலையணை வாங்கி வந்து கொடுத்தார். கேட்காமல் வாங்கி வந்த கணவனைப் பார்த்துப் பவுலினுக்குச் சந்தேகம் வந்தது. ஜெபக்கூட்டத்தின் பலன் என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள்.

இருபது ஃப்ரெட்டும் புதுசு. எதில் விரலை வைத்தாலும் இருமலில்லை. விரலை எடுத்தால்தான் இருமல். தலைமாட்டில் தந்திகள் ஏறி வருகிற சின்ன பிளாஸ்டிக் பட்டை பழைய ஃப்ரெட்டுகளின் உயரத்துக்கு அறுக்கப்பட்டது. இப்போது தந்திகள் முதல் ஃப்ரெட்டில் உட்கார்ந்தே கிடந்தன.

“பட்டைய மாத்தணும் சார். எலும்புல போடறேன். இங்க தூக்கினா அந்தப் பக்கமும் தூக்கணும். அடிப்பக்கம் தந்தி உக்கார்ற பிரிட்ஜ் இருக்கே, அதோட ஸ்க்ரூ துரு புடிச்சு ஒண்ணாயிடுச்சு. அதுவும் புதுசுதான். முறுக்கற கீயும் வழுக்குது.”

“எல்லாத்தையும் மாத்திட்டா பழசுல என்னங்க மிச்சம்?”

வெங்கடசாமி யோசித்தார். “கலரு” என்றார்.

ரெமிஜியஸ் தலையாட்டிவிட்டு வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அவருடைய குரங்குக்கு இன்னும் வால் முளைக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் பிறந்தது. ஜெபமாலை மாதம். ஃபாதர் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

“ரெமிஜியஸ், சனிக்கிழம சனிக்கிழம நீங்க மல்லேஸ்வரம் போறது பவுலின் சொன்னாங்க. இவ்வளவு பக்திய வேற பங்குல செலவு பண்ணலாமா? இந்த மாசம் நம்ம தெரு ஜெபமாலைய நீங்கதான் நடத்தணும். தினமும் ஆறரைக்கு.”

ஆறரை மணிதான் பவுலின் பக்கத்து வீட்டு டி.வி. சீரியலுக்குப் போகிற நேரம், அதாவது ரெமிஜியஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டார் பழகுகிற நேரம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? “சரி ஃபாதர்” என்றார். சாயங்காலம் முழுக்க ஜெபமாலை. விடிந்ததும், பவுலின் பால் வாங்கப் போகிற இருபது நிமிஷத்தில் கிட்டார்.

எல்லாம் புதுசாகி வந்த கிட்டார் அவர் கைக்குப் பழகவில்லை. பழைய ஃப்ரெட்டுகள் தேய்ந்து தட்டையாக இருந்த காலத்தில் தந்தியை மரத்தோடு சேர்த்து அமுக்கி வாசித்த முரட்டு விரல்கள் அவை. புது ஃப்ரெட் உயரம். அதே அழுத்தம் கொடுத்தால் தந்தி இழுபட்டு, ஸ்வரம் ஒரு நூல் மேலே போய் நின்றது. எந்த ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்தாலும் கொஞ்சம் அபஸ்வரம். “பூவ தொடற மாதிரி தொடுங்க சார், அமுக்காதீங்க” என்று வெங்கடசாமி சொல்லியிருந்தார். மெதுவாகத் தொட்டுப் பழகிப் பழகி, புதுத் தந்தி நான்கு விரல் நுனியையும் கிழித்துவிட்டது.

“விரல்ல என்னங்க பிளாஸ்திரி?” பவுலின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

ரெமிஜியஸுக்குச் சட்டென்று வேறெதுவும் தோன்றவில்லை. “ஜெபமாலை உருட்டினது” என்றார்.

பவுலினின் கண் கலங்கியது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ஃபாதர், “இந்தப் பங்கிலே ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். ஜெபமாலை மணியை உருட்டி உருட்டி அவர் விரல் தேய்ந்துவிட்டது” என்றார். நான்கு பிளாஸ்திரிகளையும் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ரெமிஜியஸ் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தார். ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது வேறு. ஜூபிலிக்கு எட்டு நாள் இருக்கும்போது வெங்கடசாமியின் ஷெட்டில் கடைசியாக ஒரு தடவை டேப்ரெக்கார்டரில் சொருகி, அந்தப் பழைய பாட்டை முழுக்க வாசித்துப் பார்த்தார். இருமல் இல்லை. அபஸ்வரம் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எலும்புப் பட்டையிலிருந்து புறப்பட்டுப் புது பிரிட்ஜ் வரை கண்ணாடி போலப் போய், நெடுநேரம் நின்று அடங்கியது.

“எப்படி சார்? ஃபஸ்ட் கிளாஸ்!” என்றார் வெங்கடசாமி.

ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டார். “அது இல்லீங்க.”

“எது இல்ல?”

“அன்னைக்குக் கேட்டது. அது இவ்வளவு சுத்தமா இருக்காது. கொஞ்சம் கரகரன்னு, ஆனா இதமா, பாட்டிலுக்குள்ள தேனீ சுத்தற மாதிரி ஒரு ரீங்காரம் இருக்கும். இது யாரோ வாசிக்கிற கிட்டார் மாதிரி இருக்கு.”

“தேனீக்கு எல்லாம் அளவு இல்ல சார்.”

“பழசையே திரும்பப் போட்டுடுங்க.”

வெங்கடசாமி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். பிடுங்கிய ஃப்ரெட்டுகள் வளைந்து நெளிந்து, வெட்டிப் போட்ட நகங்கள் போலக் கிடந்தன. மறுபடி பதிக்க முடியாது. ரெமிஜியஸ் விடவில்லை. பழைய பிரிட்ஜையாவது போடுங்கள் என்று கெஞ்சினார். போட்டார்கள். அது குள்ளம், இருபது ஃப்ரெட்டிலும் தந்தி உரசி, இதுவரை ஒரு இடத்தில் இருமிய கிட்டார் இப்போது உடம்பு முழுக்க இருமியது. மறுபடி கழற்றிப் புதுசையே மாட்டினார்கள்.

மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெங்கடசாமி கேட்டார்: “தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தத் தேனீ சத்தம் உங்களத் தவிர வேற யாராவது கேட்டிருக்காங்களா?”

“என் ஒய்ஃப் கேட்டிருக்கா. அதனாலதான் என்னைக் கட்டிக்கிட்டா.”

“நீங்க சொல்ற சத்தம் இந்த மரத்துலயும் இல்ல, இரும்புலயும் இல்ல. நான் அளந்துட்டேன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரெமிஜியஸுக்கு அந்த வாக்கியம் காதிலேயே இருந்தது. மரத்தில் இல்லை, இரும்பில் இல்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் அருகே பஸ் திரும்பும்போது அவருக்குப் பொறி தட்டியது. ஆம்ப்ளிஃபயர்! சத்தம் வெளியே வந்தது அதன் வழியாகத்தானே!

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கிட்டாரும் போர்வையுமாக நேராக லாயிட் வீட்டுக்குப் போனார்.

லாயிடுக்கு இப்போது தலை முழு வழுக்கை, இரண்டு பேரப்பிள்ளைகள். ஆம்ப்ளிஃபயர் வராந்தாவில், மூன்று பெரணித் தொட்டிகளைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

“இதுவா? இன்னும் வேலை செய்யும் மேன். போன வருஷம் பேரனுக்கு ஆன் பண்ணிக் காட்டினேன். எதுக்குக் கேக்கற?”

ரெமிஜியஸ் கதை முழுவதையும் சொன்னார். பவுலின் கேட்டது, மூன்றாவது ஃப்ரெட், இருபது ஃப்ரெட், எலும்பு, பிரிட்ஜ், ஜெபமாலை, தேனீ. கேட்கக் கேட்க லாயிடின் முகம் என்னவோ போல ஆயிற்று. பெரணி இலையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“லாயிட், அன்னைக்குச் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கா?”

“ம். மறக்க முடியுமா மேன்?”

“பவுலின் எப்படிக் கேட்டுட்டு இருந்தா!”

“ஆமா ஆமா.” லாயிட் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வைத்தான். “எடுத்துட்டு வரேன். நானே வந்து ஒயர் பாத்துக்கறேன். நீ கவலப்படாத.”

ஜூபிலி அன்று சாயங்காலம் பங்கு ஹாலில் நூற்றைம்பது பேர். வர வேண்டிய மைக் செட்காரர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார். “டாடி, கான்சல் பண்ணிடலாமா?” என்று கேரல் பதறினாள். லாயிட் மட்டும் பதறவில்லை. பழைய பெட்டியை மேடையின் முன்னால் ஜனங்களைப் பார்த்து வைத்து, கேரலின் சிநேகிதன் கீபோர்டை ஒரு துளையில், பாடுகிற பெண்ணின் மைக்கை இன்னொன்றில், ரெமிஜியஸின் கிட்டாரை மூன்றாவதில் சொருகினான். கோயில் கொயரிலிருந்து ஒருவர் டிரம்ஸுக்கு உட்கார்ந்திருந்தார். அடித்தால் ஓடு எகிறும் போலிருந்தது.

பவுலின் முன் வரிசையில், மெரூன் பட்டுப் புடவையில் இருந்தாள். சிவப்புக் கிட்டாரோடு ரெமிஜியஸ் மேடையேறியதும் “ஐயோ!” என்று வாயில் கை வைத்தாள். பீரோ மேலிருந்த பெட்டியை அவள் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. ஆச்சரியம் பலித்துவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் கண்ணாடி போலப் பேசியது. ரெமிஜியஸ் விரல்களைப் பூவைத் தொடுகிற மாதிரி வைத்து, ஒரு ஸ்வரமும் பிசகாமல், ஓரக்கண்ணால் பவுலினையே கவனித்துக்கொண்டு வாசித்தார்.

பவுலின் கேட்டாள். மரியாதையாகக் கேட்டாள். நடுவில் திரும்பிப் பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் பிரியாணியைப் பற்றி ஏதோ சொன்னாள். திரும்பவும் கேட்டாள். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் கேட்பது போல அது இருந்ததே தவிர, அந்தப் பார்வை இல்லை.

ரெமிஜியஸுக்கு அழுகை வந்தது. ஆம்ப்ளிஃபயரும் இல்லை. மரம், இரும்பு, பெட்டி எதிலும் இல்லை. போனது போனதுதான். இருபத்தைந்து வருஷம் முன்னால் தேய்ந்துபோனதை எந்த ஸ்டோர்ஸிலும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். சரி, போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். இனி யாரைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? பூவும் வேண்டாம், காயும் வேண்டாம் என்று, பழைய முரட்டு விரல்களால் தந்தியை அமுக்கி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, இடது காலால் பலகையைத் தட்டித் தட்டி, இருபத்துமூன்று வயதில் வாசித்தது போல வாசித்தார். டிரம்ஸ் முழங்கியது. நடுவே ஃபாதர் குரலும் எங்கோ கேட்டது. விரல், பக்தி என்றெல்லாம் ஏதோ பேசினார். ரெமிஜியஸ் எதையும் காதில் வாங்கவில்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பாட்டிலுக்குள்ளே தேனீ சுற்றியது. கரகரவென்று, இதமாக, அதே ரீங்காரம்!

கண்ணைத் திறந்தார்.

பவுலின் மோவாயில் கை வைத்திருந்தாள். உதட்டில் பாதிச் சிரிப்பு. கண்ணில் அந்தப் பளபளப்பு. மெரூன் பட்டும் நரைமுடியும் மூக்குக் கண்ணாடியும் எல்லாம் இருந்தும், மூன்றாவது வரிசைப் பச்சைத் தாவணிதான் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்து கைத்தட்டல் ஓய்ந்தபோது பவுலினே மேடை ஏறி வந்து அவர் கையைப் பிடித்தாள். பிளாஸ்திரி போட்ட விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஜெபமாலையா?” என்றாள்.

ரெமிஜியஸ் அசடு வழிந்தார்.

“ஃபாதர் என்ன பேசினாருன்னே எனக்குத் தெரியாது. நான் உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன். அப்படியே அன்னைக்கு மாதிரியேங்க. ஒரு துளி மாறல” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ரெமிஜியஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு வார அலைச்சலும் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. ஸ்டோர்ஸ்காரருக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. எந்தப் பாகம் வேலை செய்தது? தெரிந்தால் ஆயுசுக்கும் அதை மட்டும் மாற்றாமல் காப்பாற்றலாமே. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குத்த வைத்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த லாயிடிடம் ஓடினார்.

“லாயிட்! கேட்டியாடா? கடைசிப் பாதியில வந்துச்சு பாரு, அதேதான்! எதனாலடா? ஃப்ரெட்டா, எலும்பா, உன் பெட்டியா?”

லாயிட் ஹாலைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். பவுலின் தூரத்தில் இருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“கோவிச்சுக்காத மேன், ஃபாதர் மைக்குக்குத் துளை இல்ல, அதான் பாதிப் பாட்டுலயே உன் ஒயரப் புடுங்கிட்டேன், எழுபத்திமூணுல ஆரம்பத்துலயே புடுங்கினேன்.”